சுருக்குப்பையின் வாய்: உணவுக்குழாய் அறுவைச் சிகிச்சையில் இரைப்பைக்கு ஒரு வடிகால்

பினாங்கு என்னும் சொல் மலாய் மொழியில் பாக்கைக் குறிக்கும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். நம் மாநிலக் கொடியின் நடுவில் நிற்பதும் பாக்கு மரமே. திருமணத் தாம்பூலத்திலும் கோவில் தட்டிலும் பாட்டிமார்களின் இடுப்புச் சுருக்குப்பையிலும் பாக்குக்கு மங்கலமான ஓர் இடம் உண்டு. ஆயினும் உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை, பாக்கு மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட தொகுப்பில் அறிவித்தது. புகையிலை சேர்த்து வெற்றிலை போடும் பழக்கம் வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகிய மூன்றிலும் புற்றுநோயை ஏற்படுத்தும் என்றும் அது கூறியது. புகைப்பதும் மது அருந்துவதும் அதே பட்டியலில் உள்ளவைதாம்.

மலேசியாவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் அறிக்கைகளைப் புரட்டினால், மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூன்று பெரிய இனத்தாருள் உணவுக்குழாய்ப் புற்றுநோயின் விகிதம் இந்தியரிடையே கூடுதலாக இருப்பதைக் காணலாம். இந்நோய் நமக்கு அயலார் வீட்டு நோய் அன்று என்பதற்கு இதுவே போதுமான சான்றாகும்.

எனினும் இக்கட்டுரை அந்நோயைப் பற்றியது அன்று. அந்நோய்க்காகச் செய்யப்படும் பெரிய அறுவைச் சிகிச்சையின் நடுவே, சில நிமிடங்களில் எடுக்கப்படும் ஒரு சிறு முடிவைப் பற்றியது. மேலே இழுக்கப்படும் இரைப்பையின் வெளிவாயை வெட்டித் திறந்துவிடுவதா, அப்படியே விட்டுவிடுவதா என்பதே அம்முடிவு. ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் 'இரைப்பை' என்று படித்துவிட்டு, இடைநிலைப்பள்ளியில் அதையே 'பெருட்' என்று படித்து, இன்று பல்கலைக்கழகத்தில் மருந்தியல் பயிலும் நான், என் உறவினர் ஒருவரின் பொருட்டு இதைத் தேடிப் படிக்க நேர்ந்தது. படித்ததைத் தமிழில் பகிர்ந்துகொள்வதே என் நோக்கம்.

குழாய்க்குப் பதிலாகப் பை

உணவுக்குழாய் தொண்டையிலிருந்து இரைப்பை வரை ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு தசைக்குழாய். நெஞ்சுக்கூட்டின் பின்புறத்தில், இதயத்துக்கும் முதுகெலும்புக்கும் இடையில் அது இறங்குகிறது. அது நன்றாக விரிந்து கொடுக்கக்கூடியது. அதனால் கட்டி பெரிதாக வளரும்வரை பலருக்கு எதுவும் தெரிவதில்லை. முதலில் சோறும் இறைச்சியும் இறங்க மறுக்கும், பிறகு கஞ்சி, கடைசியில் தண்ணீர்.

நோய் பரவாத நிலையில் இருந்தால் கீமோதெரபி, கதிர்வீச்சு ஆகியவற்றோடு அறுவைச் சிகிச்சையும் செய்து உணவுக்குழாயை அகற்றுவார்கள். அகற்றிவிட்டால் உணவு எதன் வழியாகப் போவது? 1913-ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக் என்ற அறுவை மருத்துவர் நெஞ்சுப் பகுதி உணவுக்குழாயை முதன்முதலாக வெற்றிகரமாக அகற்றினார். கழுத்திலும் வயிற்றிலும் துளைகள் இட்டு, இரண்டையும் உடலுக்கு வெளியே ஒரு ரப்பர் குழாயால் இணைத்தார். அந்த அம்மையார் அக்குழாய் வழியாகவே உண்டு பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

உடலுக்குள்ளேயே வழி அமைக்கும் முறைகளில் புகழ்பெற்றது, ஐவர் லூயிஸ் என்ற வேல்ஸ் நாட்டு மருத்துவர் 1946-இல் வெளியிட்டது. முதலில் வயிற்றைத் திறந்து இரைப்பையை அதன் கட்டுகளிலிருந்து விடுவிக்க வேண்டும். பிறகு வலப்புற நெஞ்சைத் திறந்து, நோயுற்ற உணவுக்குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையை மேலே இழுத்து எஞ்சிய உணவுக்குழாயோடு தைக்க வேண்டும். 1976-இல் மெக்கியோன் என்பவர் இந்த இணைப்பைக் கழுத்தில் செய்யும் மூன்று கட்ட முறையை விவரித்தார். இன்று பல மருத்துவமனைகளில் சிறு துளைகளின் வழியே கேமரா கொண்டு இதைச் செய்தாலும், அடிப்படை மாறவில்லை. வயிற்றில் இருந்த பை, நெஞ்சில் நிற்கும் குழாயாகிறது. இரைப்பையின் கீழ் வளைவோரமாக ஓடும் ஓர் இரத்தக்குழாயை மட்டும் காப்பாற்றிவிட்டால், அது ஒன்றே அந்தப் புதிய குழாய் முழுவதற்கும் பெரும்பாலும் இரத்தம் கொடுத்துவிடும்.

அறுபடும் நரம்பு

இரைப்பை வெறும் பை அன்று. அது ஓர் ஆட்டுக்கல். உள்ளே வந்ததை அரைத்து, கூழாக்கி, சிறுகச் சிறுகச் சிறுகுடலுக்கு அனுப்புகிறது. அதன் வெளிவாயில் பைலோரஸ் என்னும் வளையத் தசை இருக்கிறது. பாட்டியின் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை இழுத்தால் வாய் சுருங்கும், தளர்த்தினால் திறக்கும். பைலோரஸும் அப்படித்தான். எப்போது இழுப்பது, எப்போது தளர்த்துவது என்று சொல்லும் கைகளுள் முக்கியமானது வேகஸ் என்ற நரம்பு.

அந்த நரம்பு மூளையிலிருந்து இறங்கி உணவுக்குழாயை ஒட்டியே இரைப்பைக்கு வருகிறது. உணவுக்குழாயை அகற்றும்போது அதுவும் அறுபடுகிறது. பிறகு ஆட்டுக்கல்லின் வேகம் குறையும். சுருக்குக் கயிறும் சொன்னபடி தளராது.

இந்தப் பாடத்தை மருத்துவ உலகம் வேறொரு நோயிலிருந்து கற்றது. 1943-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் லெஸ்டர் டிராக்ஸ்டெட் என்பவர், அமிலச் சுரப்பைக் குறைத்துக் குடற்புண்ணை ஆற்றுவதற்காக வேகஸ் நரம்பை அறுக்கும் சிகிச்சையைத் தொடங்கினார். புண் ஆறியது. ஆனால் பலருக்கு உணவு இரைப்பையிலேயே தேங்கி வாந்தியானது. எனவே நரம்பை அறுத்தால் இரைப்பைக்கு ஒரு வடிகாலும் அமைக்க வேண்டும் என்பது வழக்கமாயிற்று. உணவுக்குழாய் அறுவை மருத்துவர்கள் அந்த வழக்கத்தைத் தம் துறைக்கும் கொண்டுவந்தனர்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தத்தைவிட நெஞ்சுக்குள் இருக்கும் அழுத்தம் குறைவு. ஆகவே நெஞ்சில் நிற்கும் இரைப்பையிலிருந்து வயிற்றில் உள்ள குடலுக்கு உணவு போவது, குறைந்த அழுத்தத்திலிருந்து கூடிய அழுத்தத்திற்குப் போவதாகும். அதற்குத் துணை நிற்பது பெரும்பாலும் புவியீர்ப்பு ஒன்றே.

வாயைத் திறக்கும் வழிகள்

முதல் வழி பைலோரோபிளாஸ்டி. 1880-களில் ஜெர்மன் மருத்துவர் ஹைனெக்கேயும், அவரைத் தொடர்ந்து மிக்குலிச்சும் செய்த முறை இது. வெளிவாயின் வளையத்தை நீளவாக்கில் முழுத் தடிமனுக்கும் வெட்டி, அதே வெட்டைக் குறுக்குவாக்கில் தைப்பார்கள். சட்டையின் இறுக்கமான கையை நீளமாகப் பிளந்து அகலவாக்கில் தைத்தால் கை எப்படி அகலமாகுமோ, அப்படி வாய் அகலமாகிவிடும்.

இரண்டாம் வழி பைலோரோமயோட்டமி. இதில் வெளித்தசையை மட்டும் கீறிவிட்டு, உட்சவ்வைத் தொடாமல் விடுவார்கள். தையல் தேவையில்லை. பிறந்த குழந்தைகளின் இரைப்பை வாய் அடைப்புக்கு ராம்ஸ்டெட் 1912-இல் வெளியிட்ட முறையும் இதுவே.

மூன்றாம் வழியில் கத்தியே இல்லை. முகச் சுருக்கத்தைப் போக்கப் பயன்படும் போடோக்ஸ் மருந்தை வளையத் தசைக்குள் ஊசியால் செலுத்துவார்கள். தசை சில மாதங்களுக்குத் தளர்ந்திருக்கும். பிறகு மருந்தின் வலு குறைந்துவிடும். அதற்குள் புதிய குழாய் ஓரளவு பழகிவிடும் என்பது எதிர்பார்ப்பு.

நான்காவது, எண்டோஸ்கோபி வழியாக ஒரு பலூனைச் செலுத்தி வாயை விரிப்பது. இதை அறுவைக்கு முன்னும் செய்யலாம். பின்னர்த் தேக்கம் ஏற்பட்டாலும் செய்யலாம்.

ஐந்தாவது, எதுவும் செய்யாமல் விடுவது. இதுவும் அறிந்தே எடுக்கப்படும் ஒரு முடிவுதான், மறதி அன்று.

வெட்டினால் என்ன, விட்டால் என்ன?

வெட்டாமல் விட்டால் நேரக்கூடியது தேக்கம். தேங்கிய நீர் மேலே ஏறும். அதைத் தடுக்க முன்பு உணவுக்குழாயின் அடியில் இருந்த கதவும் இப்போது இல்லை. படுத்திருக்கும் நோயாளியின் தொண்டைக்கு வந்த நீர் நுரையீரலுக்குள் இறங்கினால் கடும் நிமோனியா வரலாம். பெரிய அறுவைக்குப் பிறகு நுரையீரல் தாங்கும் நிலையில் இருக்காது. உயிருக்கே ஆபத்து என்பது வெறும் பேச்சன்று.

வெட்டித் திறந்தால் வேறு விதமான தொல்லைகள் வரலாம். தைத்த இடம் கசியலாம். திறந்த வாய் இருவழிப் பாதை. உணவு கீழே போகும், குடலின் பித்தநீர் மேலேயும் வரும். அந்தக் கசப்பு நாளடைவில் குழாயையும் தொண்டையையும் புண்ணாக்கலாம். இன்னொன்று 'டம்பிங்' எனப்படும் நிலை. இனிப்பான உணவு அரைபடாமல் விரைந்து குடலில் கொட்டும்போது வயிற்று வலி, வியர்வை, படபடப்பு, மயக்கம் ஆகியன வரும். சிலருக்கு ஓரிரு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோகும்.

ஆய்வுகள் சொல்வது

1991-ஆம் ஆண்டில் ஆசியாவின் இரு நகரங்களிலிருந்து இக்கேள்வியை ஆராய்ந்த கட்டுரைகள் வெளிவந்தன. ஒன்று, டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் சட்டோபாத்யாய் குழுவினர் செய்தது. நெஞ்சுக்குள் வைத்த இரைப்பைக்குப் பைலோரோபிளாஸ்டி தேவைதானா என்று தலைப்பிலேயே கேட்ட கட்டுரை அது.

மற்றொன்று, ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் ஃபோக், செங், வோங் ஆகியோர் செய்த பெரிய சோதனை. 200 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் பைலோரோபிளாஸ்டி செய்தனர். செய்யப்படாத பிரிவில் 13 பேருக்கு இரைப்பை வாய் அடைப்பின் அறிகுறிகள் தோன்றின. செய்யப்பட்ட பிரிவில் அந்த அறுவையால் எவருக்கும் சிக்கல் நேரவில்லை.

2002-இல் அர்ஷெல் என்பவரும் குழுவினரும் இத்தகைய 9 சோதனைகளை, மொத்தம் 553 நோயாளிகளை, ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டனர். வடிகால் அமைத்தவர்களுக்கு அறுவையை அடுத்த நாள்களில் அடைப்பு குறைவு; ஆனால் மற்ற விளைவுகளில் பெரிய வேறுபாடு இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு.

அப்படியானால் எல்லோருக்கும் வெட்டிவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஹாங்காங் சோதனையில் பயன்பட்டது முழு இரைப்பை. இன்று பல மருத்துவர்கள் இரைப்பையின் ஒரு பக்கத்தை வெட்டி நீக்கி, சில சென்டிமீட்டர் அகலமே உள்ள ஒடுங்கிய குழாயாக்கி மேலே இழுக்கிறார்கள். அகன்ற பையில் உணவு தேங்குவதைப்போல் ஒடுங்கிய குழாயில் தேங்குவதில்லை. தேங்கினாலும் பலூன் கொண்டு பின்னர் விரிக்கலாம். எனவே பழைய சோதனையின் விடையை இன்றைய குழாய்க்கு அப்படியே பொருத்த இயலாது. திறமையான மருத்துவர்களே இன்றும் இரு அணியாக இருப்பதற்குக் காரணம் இதுவே. எது 'தேக்கம்' என்பதற்கான பொது வரையறையே 2020-இல்தான் பன்னாட்டு வல்லுநர்களின் உடன்பாட்டோடு வெளிவந்தது. ஐந்தாம் நாளிலோ அதற்குப் பின்னரோ மூக்குக் குழாயில் 500 மில்லிலிட்டருக்கு மேல் நீர் வருவது அதில் ஓர் அளவுகோல்.

எங்கள் குடும்பத்தில்

என் பெரியப்பாவுக்கு இந்த அறுவை நடந்தபோது, ஒப்புதல் பாரம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. பெரியம்மா என்னைத்தான் கேட்டார். "ஏம்மா, கட்டி நெஞ்சுலதான இருக்கு? வயித்த எதுக்கு அறுக்கணும்?" சுருக்குப்பை உவமை அப்போது பிறந்ததுதான். பெரியம்மா தலையசைத்துக் கேட்டுக்கொண்டார்.

வெளிவாயை வெட்டாமல்தான் அறுவை நடந்தது. ஏழாம் நாள் மூக்குக் குழாயில் அரை லிட்டருக்கும் மேல் பச்சை நீர் வந்தது. எக்ஸ்-ரேயில் குழாய் அகன்று, உள்ளே நீர் நிற்பது தெரிந்தது. முதலில் எரித்ரோமைசின் கொடுத்தார்கள். அது கிருமிக்கொல்லி என்றுதான் நாம் அறிவோம். ஆனால் குறைந்த அளவில் இரைப்பைத் தசையைச் சுருங்கத் தூண்டும் குணமும் அதற்கு உண்டு. அது போதாமல் போகவே, பலூன் கொண்டு வாயை விரித்தார்கள். இரண்டு நாளில் நீர் வடிந்தது.

அந்த இடைப்பட்ட நாள்களில் அண்ணன் மிகவும் கோபமாக இருந்தார். "அப்பவே வெட்டியிருந்தா அப்பாவுக்கு இந்தக் கஷ்டம் வந்திருக்குமா? டாக்டர் மறந்துட்டாரு" என்று புகார்க் கடிதம் எழுதவும் முனைந்தார். மேலே நான் எழுதியிருப்பவை அவருக்காகத் தேடிப் படித்தவையே. வெட்டியிருந்தால் இந்தத் தேக்கம் பெரும்பாலும் வந்திருக்காது. ஆனால் முழு இரைப்பையை வைத்துச் செய்த ஹாங்காங் சோதனையில்கூட, வெட்டாமல் விட்ட 100 பேரில் 87 பேருக்கு அடைப்பின் அறிகுறி தோன்றவில்லை. அறுவை மேசையில் பெரியப்பா எந்தப் பக்கம் இருப்பார் என்று எவராலும் சொல்லியிருக்க முடியாது. அண்ணன் இதை ஏற்றுக்கொண்டார். பிறகு அவர் கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. "இப்படி ஆகலாம்னு முன்னாடியே யாராவது நமக்குச் சொல்லியிருக்கலாமே?" உண்மைதான். எங்கள் மனக்குறை வெட்டாததைப் பற்றியது அன்று. விளங்கும் மொழியில் சொல்லப்படாததைப் பற்றியது.

பெரியப்பா அதன்பின் பதினான்கு மாதங்கள் வாழ்ந்தார். நோய் கல்லீரலில் மீண்டும் தலைகாட்டியது. ஆனால் இறுதி வாரம்வரை தம் வாயாலேயே உண்டார். மேசையில் எங்களோடு உட்கார்ந்து, சிறிய கிண்ணத்தில், எங்களைவிட மெதுவாக.

உண்ணும் முறை

வெட்டினாலும் விட்டாலும், ஆட்டுக்கல் போய்விட்டது என்பதை வீட்டார் முதலில் உணர வேண்டும். அரைக்கும் வேலை இனி பல்லுடையது. இறக்கும் வேலை புவியீர்ப்புடையது. 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்னும் பழமொழி இவர்களுக்கென்றே சொன்னது போலிருக்கிறது.

மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு சிறு வேளைகளாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து உண்ண வேண்டும். உண்டபின் குறைந்தது ஒரு மணி நேரமாவது படுக்கக்கூடாது. இரவு உணவுக்கும் உறக்கத்துக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் இருப்பது நல்லது. கட்டிலின் தலைமாட்டை உயர்த்த வேண்டும். தலையணைகளை அடுக்கினால் கழுத்து மட்டுமே மடங்கும். ஆகவே கட்டில் காலுக்கடியில் கட்டை வைப்பது மேல். சாப்பிடும்போதே நிறையத் தண்ணீர் குடிக்காமல், சற்று இடைவெளி விட்டுக் குடிக்கலாம். கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக், சிராப் பண்டோங், இனிப்பு மிகுந்த மைலோ ஆகியவை டம்பிங்கைத் தூண்டக்கூடும். மெலிந்துவிட்டாரே என்று பாசத்தோடு நாம் நீட்டும் ஒரு பெரிய குவளை மைலோவே அவரைப் படபடக்கச் செய்யலாம். உடல் எடையை வாரந்தோறும் குறித்து வைப்பது, அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது உதவும்.

காய்ச்சலோடு இருமல், தொடர் வாந்தி, மீண்டும் விழுங்க முடியாமை ஆகிய மூன்றில் எது வந்தாலும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேட்க வேண்டியவை

நண்பர்களே, நம்மில் பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். வீட்டில் யாருக்காவது நோய் என்றால், மருத்துவரின் எதிரே மொழிபெயர்க்க உட்கார வைக்கப்படுபவர்களும் நாமே. அந்த நாற்காலியில் அமர்ந்தால் அறுவைக்கு முன்பே கேட்க வேண்டியவை இவை. இரைப்பையை முழுதாக வைப்பீர்களா, ஒடுங்கிய குழாயாக்குவீர்களா? வெளிவாய்க்கு ஏதேனும் செய்யும் எண்ணம் உண்டா, ஏன்? தேக்கம் வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்? வீட்டுக்கு வந்தபின் உணவு முறையைச் சொல்லித்தர உணவியலாளர் இருக்கிறாரா?

இக்கேள்விகளால் மருத்துவரின் முடிவு மாறாமல் போகலாம். ஆனால் ஏழாம் நாள் பச்சை நீர் வரும்போது, அது எவரும் மறந்ததால் வந்ததன்று என்பதும், அதற்கு அடுத்த வழி உண்டு என்பதும் அந்த வீட்டாருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.